கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசி விதிகள்: அவற்றின் தரத்தை அறியும் வகை

கொள்ளைநோய் பரவும் காலத்தில் தடுப்பு மருந்து கிடைத்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். மருந்து புட்டிக்குள் இருக்கும் வரையில் அது ஒருவரையும் காப்பதில்லை. அதை முதலில் யாருக்குப் போடுவது, எத்தனை தடவை போடுவது, இரண்டு தடவைகளுக்கு நடுவே எத்தனை வாரம் விடுவது, யாருக்குப் போடாமல் நிறுத்திவைப்பது என்பனவற்றை ஒழுங்குபடுத்தி, ஊழியர்களுக்கும் ஜனங்களுக்கும் தெரிவிக்கும் விதிகள் வேண்டும். அவ்விதிகள் நல்லனவாயின் கொஞ்சம் மருந்தைக்கொண்டும் அநேக உயிர்களைக் காக்கலாம். அவை தெளிவற்றனவாயின், மருந்து ஏராளமாக இருந்தும் ஜனங்கள் வரமாட்டார்கள். வந்தவர்களும் ஐயத்துடனே வீடு திரும்புவார்கள்.

முற்காலத்தில் வைசூரிக்கு அம்மை குத்தினபோது இந்தச் சங்கடம் இவ்வளவு இருந்ததில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரான அம்மைப்பாலைக் கையில் வைத்துக் கீறிவிட்டால் ஒரு வாரத்தில் கொப்புளம் எழும்பும். பிறகு தழும்பு நிற்கும். 'குத்தினது பிடித்துக்கொண்டது', 'பிடிக்கவில்லை' என்று வீட்டிலுள்ள பாட்டிமார்களே சொல்லிவிடுவார்கள். கோவிட் தடுப்பூசிக்கு அத்தகைய அடையாளம் ஒன்றும் இல்லை. போட்டுக்கொண்டவனுடைய உடம்பில் பாதுகாப்பு உண்டாயிற்றா, அது எத்தனை மாதம் நிற்கும் என்பதை அவன் தன் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. விதியை நம்பியே நடக்க வேண்டும். ஆகையால் அந்த விதி எவ்வாறு பிறந்தது, எவ்வளவு ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பது கிராமவாசிக்கும் சம்பந்தமுள்ள விஷயமேயாகும்.

தரத்தை அளக்கும் கோல்

வைத்திய விதிகளின் தரத்தைச் சோதிப்பதற்கென்று பல தேசத்து நிபுணர்கள் கூடி 'அக்ரீ' என்னும் பெயருள்ள அளவுகோல் ஒன்றை அமைத்திருக்கின்றனர். 2010-ம் வருஷத்தில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் 23 கேள்விகள் 6 பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. விதியின் நோக்கம் தெளிவாக இருக்கிறதா, அதனால் நன்மை தீமை அடையக்கூடியவர்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதா, ஆதாரங்களைத் தேடித் திரட்டின முறை கண்டிப்பானதா, சொல்லியிருக்கும் விதம் விளங்குகிறதா, நடைமுறைக்கு ஒத்துவருமா, எழுதினவர்களுக்குச் சொந்த லாபம் எதுவும் குறுக்கிடாமல் இருந்ததா என்பன அப்பிரிவுகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரையில் மதிப்புப் போடுவார்கள்.

இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டியது 'கிரேட்' என்னும் மற்றொரு முறை. இது ஆதாரத்தின் உறுதியை உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என நான்கு படிகளாகப் பிரிக்கிறது. விதி எழுதுவோர் 'இப்படிச் செய்க' என்று மட்டும் கூறாமல், 'இதற்குரிய ஆதாரம் இந்தப் படியில் உள்ளது' என்றும் கூறவேண்டும் என்பதே இதன் கருத்து. நாட்டு வைத்தியர் ஒருவர், 'இந்தக் கஷாயம் என் அனுபவத்தில் பத்துப்பேருக்குக் கேட்டிருக்கிறது' என்று சொல்வதற்கும், 'இது நிச்சயம் கேட்கும்' என்று சொல்வதற்கும் உள்ள பேதம் யாவருக்கும் தெரியும். அந்தப் பேதத்தைத்தான் இம்முறை எழுத்தில் கொண்டுவருகிறது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோல்கள் விதி தயாரான முறையை அளக்கின்றனவேயன்றி, விதி சரியானதா என்பதை அளப்பதில்லை. மிகவும் ஒழுங்காக எழுதப்பட்ட விதி பிசகாக முடியலாம். அவசரத்தில் எழுதின விதி சரியாக அமையலாம். அன்றியும், சாதாரண காலத்தில் ஒரு வைத்திய விதியைத் தயாரிக்க ஒரு வருஷமோ அதற்கு மேலோ செல்லும். தினந்தோறும் பிணங்கள் எரியும் காலத்தில் அவ்வளவு அவகாசம் யாருக்கும் கிடையாது. ஆகையால் அப்பொழுது பிறக்கும் விதிகள் தற்காலிகமானவையே. அவை மாறியே தீரும். மாறுவது குற்றமன்று. எதற்காக மாறிற்று என்று சொல்லாமல் மாறுவதுதான் குற்றம்.

இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட காலம்

இதற்குச் சிறந்த உதாரணம் 2021-ம் வருஷத்தில் கோவிஷீல்டு மருந்தின் விஷயத்தில் நடந்ததாகும். இது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கண்டுபிடிக்கப்பட்டு, அஸ்ட்ராஜெனகா கம்பெனியாரின் அனுமதியின்மேல் புனாவில் தயாரான மருந்து. இந்தியாவில் 2021 ஜனவரி 16-ந் தேதி ஊசி போடும் வேலை தொடங்கியபோது, முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் நடுவே 4 வாரம் என்று விதித்திருந்தனர். மார்ச் 22-ந் தேதி அது 4 முதல் 8 வாரம் வரையில், முக்கியமாக 6 முதல் 8 வாரத்துக்குள், என்று மாற்றப்பட்டது. மே 13-ந் தேதி 12 முதல் 16 வாரம் என்று மறுபடியும் மாற்றப்பட்டது. நான்கு மாதத்துக்குள் மூன்று விதிகள். இவற்றுள் கடைசி விதி வந்த சமயம், நோயின் இரண்டாம் அலை தேசமெங்கும் உச்சத்தில் இருந்த சமயம். மருந்துக்கும் மிகுந்த தட்டுப்பாடு இருந்த சமயம். ஆகவே, 'மருந்து இல்லாத குறையை மறைக்கத்தான் நாட்களைக் கூட்டுகிறார்கள்' என்ற பேச்சு எங்கும் கிளம்பியதில் வியப்பில்லை.

உண்மையில் இடைவெளியை அதிகமாக்குவதற்கு விஞ்ஞான ஆதாரம் இருந்தது. மருந்துக் கம்பெனிகள் தங்கள் பரீட்சைகளில் 3 வாரம், 4 வாரம் என்று குறுகிய இடைவெளியை வைப்பதற்கு முக்கியக் காரணம், முடிவை விரைவில் காணவேண்டும் என்பதே. அந்த இடைவெளியே உத்தமமானது என்று அதனால் ஏற்படாது. ஆக்ஸ்போர்டு மருந்தின் பரீட்சையில் சில காரணங்களால் பலருக்கு இரண்டாம் ஊசி தாமதமாகவே போடப்பட்டது. அந்தத் தாமதத்தினால் ஒரு நன்மை விளைந்தது. 2021 பிப்ரவரியில் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியான கணக்கின்படி, 6 வாரத்துக்குள் இரண்டாம் ஊசி பெற்றவர்களிடத்தில் மருந்தின் பலன் 100-க்கு 55 ஆகவும், 12 வாரமோ அதற்கு மேலோ கழித்துப் பெற்றவர்களிடத்தில் 100-க்கு 81 ஆகவும் இருந்தது. முதல் ஊசி உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி உடம்பில் ஊறி முதிர்வதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் பரீட்சையில் சேர்ந்தவர்களை, 'நீ 6 வாரம், நீ 12 வாரம்' என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை என்பதை மறக்கலாகாது. எனவே இந்த ஆதாரத்தை மிக உயர்ந்த படியில் வைப்பதற்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு அம்மாதம் 10-ந் தேதி 8 முதல் 12 வாரம் என்று சிபார்சு செய்தது.

இங்கிலாந்தோ இதற்கு முன்பே துணிந்துவிட்டது. 2020 டிசம்பர் 30-ந் தேதி, எந்த மருந்தாயினும் இரண்டாம் ஊசியை 12 வாரம் வரையில் தள்ளிப்போடலாம் என்று அந்நாட்டார் முடிவு செய்தனர். பைஸர் கம்பெனியாரின் மருந்துக்கு 3 வார இடைவெளிக்கு மட்டுமே பரீட்சை நடந்திருந்தது. கம்பெனியாரே அதை எடுத்துக்காட்டினர். இரண்டாம் ஊசிக்கு நாள் குறிக்கப்பட்டுக் காத்திருந்த கிழவர்களைத் திருப்பியனுப்புவது அநியாயம் என்று வைத்தியர் சங்கத்தார் ஆட்சேபித்தனர். தடுப்பூசிக் குழுவினர் தங்கள் கணக்கை வெளியிட்டனர்: கையிலுள்ள மருந்தை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போடுவதைவிட, இரண்டு ஆட்களுக்கு ஒவ்வொரு தடவை போட்டால் சாவு அதிகம் குறையும் என்பது அக்கணக்கு. மருந்துத் தட்டுப்பாட்டையும் அவர்கள் மறைக்கவில்லை. அதுவே காரணங்களுள் ஒன்று என்று சொன்னார்கள். அதனால் ஆட்சேபிப்பவர்களுக்கும் எதை ஆட்சேபிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

இந்திய சர்க்கார் 2021 மே 13-ந் தேதி வெளியிட்ட அறிக்கை சிறியது. முக்கியமாக இங்கிலாந்தில் கண்ட அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இடைவெளி 12 முதல் 16 வாரம் ஆக்கப்படுகிறது என்று அதில் கூறப்பட்டிருந்தது. இங்கே ஒரு விசித்திரம் நேர்ந்தது. மறுநாள், மே 14-ந் தேதி, அதே இங்கிலாந்து 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நோயினால் அபாயமடையக்கூடிய மற்றவர்களுக்கும் இரண்டாம் ஊசியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்துவிட்டது. இந்தியாவில் முதலில் காணப்பட்டு, பிறகு 'டெல்டா' என்று பெயர் பெற்ற புதிய ரகக் கிருமி அங்கே பரவத் தொடங்கியதே காரணம். இந்த ரகத்தினால் நோய்க்குறிகள் தோன்றுவதைத் தடுப்பதில், ஒரே ஊசியின் பலன் சுமார் 100-க்கு 33 அளவே இருந்தது என்று சில தினங்களுக்குள் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அதிகாரிகள் கண்டறிந்தனர். கடுமையான வியாதியையும் மரணத்தையும் தடுப்பதில் ஒரு ஊசிக்கும் நல்ல பலன் உண்டு என்பது வாஸ்தவமே. எனினும், எந்த ரகக் கிருமி தேசத்தில் பரவியிருக்கிறதோ அதற்கேற்றபடி இடைவெளி மாறவேண்டும் என்பது இதிலிருந்து வெளியாயிற்று. ஆதாரமாகக் கொள்ளப்பட்ட தேசமே தன் விதியைத் திருத்திக்கொண்டபோது, அதைப் பின்பற்றின விதியை உடனே மறுபரிசீலனை செய்வதற்கு ஒரு தேதியோ நிபந்தனையோ அந்த அறிக்கையில் இல்லை.

ஜூன் மாதத்தில் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த மூவர், 8 முதல் 12 வாரம் வரையில் தங்களுக்குச் சம்மதமே என்றும், 12 வாரத்துக்கு மேல் நீட்டுவதற்குப் போதிய புள்ளிவிவரம் தங்கள்முன் இல்லை என்றும் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனத்தாரிடம் கூறினர். குழுவின் தலைவர், முடிவு விஞ்ஞான ரீதியாகவே செய்யப்பட்டது என்றும், கூட்டத்தில் எவரும் மாறுபட்ட அபிப்பிராயம் கூறவில்லை என்றும் பதிலளித்தார். எவர் கூற்று சரியென்று வெளியார் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் முடிவு செய்த அன்றே ஆதாரமும் அபிப்பிராய பேதமும் அச்சில் வெளிவந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. கடைசியாக 2022 மார்ச்சில் அக்குழு, 8 முதல் 16 வாரம் வரையில் எப்பொழுதும் போடலாம் என்று சிபார்சு செய்தது. 8 வாரத்தில் போட்டாலும் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய அதே அளவில் உண்டாவதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

கர்ப்பிணிகளின் விஷயம்

இடைவெளிப் பிசகினால் பாதுகாப்பு சில வாரங்கள் தாமதப்படும். கர்ப்பிணிகள் விஷயத்திலோ இரண்டு உயிர்கள் சம்பந்தப்பட்டிருந்தன. 2021 ஜனவரியில் வந்த இந்திய விதிகள், கர்ப்பவதிகளுக்கும், கர்ப்பமோ என்று ஐயமுள்ளவர்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் ஊசி போடலாகாது என்று கூறின. அவர்கள் எவரும் பரீட்சைகளில் சேர்க்கப்படவில்லை என்பதே காரணம். 'கெடுதல் உண்டு' என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. 'கெடுதல் இல்லை' என்பதற்கு அத்தாட்சி இல்லை என்பது மட்டுமே நிலைமை. இவ்விரண்டும் வெவ்வேறு விஷயங்கள். விதியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் கிடைத்தது: 'கூடாது'. ஒரு தடவை 'கூடாது' என்று கிராமத்து நர்ஸ் வாயினால் சொல்லப்பட்ட சொல், பிறகு டெல்லியில் மாற்றப்பட்டாலும், மாமியார்மாரின் மனத்திலிருந்து எளிதில் நீங்குவதில்லை.

இதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலார் 1,530 கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் பற்றி ஜூன் மாதத்தில் வெளியிட்ட விவரத்தின்படி, முதல் அலையில் நோய்க்குறிகள் தோன்றியவர்கள் 100-க்கு 14; இரண்டாம் அலையில் 100-க்கு 29. இறந்தவர்கள் முதல் அலையில் 100-க்கு 0.7; இரண்டாம் அலையில் 5.7. பாலூட்டும் தாய்மாருக்கு மே 19-ந் தேதியும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ந் தேதியும் அனுமதி வந்தது. ஜூலையில் அலை பெரும்பாலும் ஓய்ந்திருந்தது.

மற்ற தேசங்களும் இதில் முதலில் தயங்கவே செய்தன. இங்கிலாந்தும் 2020 டிசம்பரின் தொடக்கத்தில் கர்ப்பிணிகளை விலக்கியே வைத்தது. ஆனால் அம்மாத முடிவிலேயே, நோயினால் அதிக அபாயமுள்ளவர்கள் வைத்தியருடன் கலந்து யோசித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. அமெரிக்காவில் அநேக கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதில் கெடுதல் காணப்படவில்லை என்ற விவரம் கிடைத்ததும், 2021 ஏப்ரல் 16-ந் தேதி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அவரவர் வயது முறைப்படி போடலாயிற்று. அத்தாட்சி குறைந்த இடத்தில் கதவை அடைத்துவிடாமல், உள்ளதைச் சொல்லி, முடிவை வைத்தியரிடத்திலும் அந்தப் பெண்ணிடத்திலும் விடுவது தரமான விதியின் இலக்கணங்களுள் ஒன்று.

ஜெர்மனியில் நடந்தது

விஞ்ஞானத்தில் தேர்ந்த ஜெர்மனியிலும் ஒரு சங்கடம் நேர்ந்தது. அந்நாட்டுத் தடுப்பூசிக் குழு 2021 ஜனவரி முடிவில், அஸ்ட்ராஜெனகா மருந்தை 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் போடவேண்டும் என்றது. பரீட்சையில் முதியவர்கள் சிலரே சேர்ந்திருந்தனர் என்பது காரணம். மார்ச் 4-ந் தேதி எல்லா வயதினருக்கும் போடலாம் என்றது. மார்ச் 30-ந் தேதி 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றது. மிக அபூர்வமாகச் சில இளவயதினருக்கு இரத்தம் உறைந்துபோகும் தீங்கு கண்டதே அதற்குக் காரணம். இரண்டு மாதத்தில் விதி தலைகீழாகிவிட்டது. மூன்று தடவையும் காரணம் நேர்மையானது. ஆனால் செய்தியைக் காதால் மட்டும் கேட்ட சாமானியனுக்கு என்ன விளங்கியிருக்கும்!

அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஏப்ரல் 7-ந் தேதி 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு மருந்து தரலாம் என்று சொன்னபோது, ஒரு படத்தையும் சேர்த்துக் காட்டினர். நோய் குறைவாகப் பரவும் காலத்தில், 20 முதல் 29 வயதுள்ள ஒரு லட்சம் பேரில் ஊசியினால் கடுந்தீங்கு அடையக்கூடியவர்கள் 1.1, தீவிர சிகிச்சைக்குப் போகாமல் தப்பக்கூடியவர்கள் 0.8. அதுவே 60 முதல் 69 வயதுள்ளவர்களில் தீங்கு 0.2, தப்புவோர் 14.1. துலாக்கோலின் இரண்டு தட்டுகளையும் ஜனங்கள் முன்னிலையில் தூக்கிக்காட்டியதற்கு இது சமானம். முதியவர்கள் இதைப் பார்த்து அஞ்சவில்லை. தங்களுக்கு ஊசி அவசியம் என்பதையே அறிந்துகொண்டனர்.

கிராமத்துக்குப் பொருந்துதல்

தரத்தைப் பற்றி நிபுணர்கள் பேசும்போது பெரும்பாலும் ஆதாரத்தையே பேசுகின்றனர். கிராமத்தில் விதி தோற்றுப்போவது வேறு இடத்தில். 2021 மார்ச் 1-ந் தேதி 60 வயதானவர்களுக்கும், 45 வயதுக்கு மேல் 20 வகை வியாதிகளுள் ஒன்றை உடையவர்களுக்கும் ஊசி போடலாம் என்று உத்தரவாயிற்று. அந்த ஜாபிதாவில் 'பத்து வருஷத்துக்கு மேற்பட்டதோ, வேறு கோளாறுகளுடன் கூடியதோ ஆன நீரிழிவும், அத்துடன் சிகிச்சையிலுள்ள இரத்தக் கொதிப்பும்' என்பது ஒன்று. தனக்கு நீரிழிவு உண்டென்பதையே போன வருஷம் அறிந்த குடியானவன், பத்து வருஷத்துக்கு அத்தாட்சி எங்கே காட்டுவான்? பதிவுபெற்ற வைத்தியரிடம் சர்டிபிகேட் பெறவேண்டும் என்றும் விதி. அதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் செலவு. ஏப்ரல் 1-ந் தேதி, 45 வயதான எல்லோருக்கும் என்று விதி எளிதாக்கப்பட்டது. இங்கிலாந்தார் ஆரம்பத்திலேயே பெரும்பாலும் வயதையே அளவாக வைத்தனர். வயதைச் சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை.

மே 1-ந் தேதி முதல் 18 வயதானவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றானபோது, 'கோவின்' என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் முன்கூட்டியே பெயர் பதிவு செய்து நேரம் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று கட்டாயமாக்கினர். பட்டணத்து வாலிபர்கள் அந்த வித்தையில் கைதேர்ந்தவர்களாய், கிராமத்து ஊசி நிலையங்களில் இடம் பிடித்துக் காரில் வந்து போட்டுக்கொண்டு சென்றனர்; அந்த ஊர்க்காரர்கள் வெளியே நின்று பார்த்தனர். போன் இல்லாதவனும் எழுத்தறியாதவனும் என்ன செய்வது என்று சுப்ரீம் கோர்ட்டாரும் அம்மாத முடிவில் கேட்டனர். மே 24-ந் தேதி, சர்க்கார் நிலையங்களுக்கு நேரில் வருவோரையும் பதிந்துகொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. மருந்தின் குணத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. விதியின் ஒரு வரி மாறியது, அவ்வளவே.

கோவிஷீல்டுப் புட்டி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருந்தது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் செலவழிக்க வேண்டியிருந்தது. ஆகவே பத்துப் பேர் சேரும் வரையில் ஊழியர்கள் காத்திருந்தார்கள். களையெடுப்பை விட்டு வந்த பெண்கள் காத்திருக்கவில்லை. வீணாக்கலாகாது என்னும் விதியும், வந்தவரைத் திருப்பலாகாது என்னும் விதியும் ஒன்றோடொன்று மோதும்போது எதை மேலாகக் கொள்வது என்பதை ஊழியருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லாவிடில் பழி அந்த நர்ஸின் தலையில் விழும்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, ஊர்தோறும் பெரிய ஊசி முகாம்கள் நடத்தி ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டனர். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு நாள் என்று கருதியே ஞாயிறு தேர்ந்தெடுக்கப்பட்டது. சில வாரங்களில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஊசி போட்டுக்கொண்டால் மாமிசம் உண்ணலாகாது, மது அருந்தலாகாது என்று ஜனங்களுள் பலர் தாமாகவே ஒரு பத்தியம் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையில் முகாமுக்கு வராமல் இருந்தனர். மாமிசத்தை விலக்கும்படி எந்தச் சர்க்கார் விதியிலும் சொல்லியிருக்கவில்லை. உண்ணலாம் என்று ஜனங்களின் காதில் விழும்படியும் எவரும் சொல்லியிருக்கவில்லை. அதிகாரிகள் வாதம் செய்துகொண்டிராமல், அக்டோபர் 23-ந் தேதி நடந்த முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டனர்.